கட்டில் கம்பியில் ஒரு தட்டு

பிப்ரவரி 6

அக்கா,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். சரி. தடுக்காமல் இருந்தாலும் இதை நான் போனில் சொல்லியிருக்க மாட்டேன். உன் போனுக்கு வருகிற ஒவ்வொரு செய்தியையும் அந்த மெஷின் படிக்கிறது. படித்து, அதற்கேற்ற மாதிரி அத்தான் குரலில் உன்னிடம் பேசுகிறது. அதனால்தான் காகிதம். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இவ்வளவு நீளமாகக் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கடிதத்தைப் படம் எடுக்காதே, சத்தமாகவும் படிக்காதே.

முதலில் ஜனவரியில் நடந்தது. வீடியோ எடுக்க வந்தவர்கள் முன்னால் நான் அத்தான் நெற்றியிலிருந்து மெஷின் பட்டையைப் பிடுங்கியது தப்பு. கத்தியது தப்பு. நீ அறைந்தது சரி. ஆனால் நான் கத்திய விஷயம் தப்பில்லை. அதைத்தான் இப்போது நிதானமாக எழுதப் பார்க்கிறேன். எனக்கு நிதானம் வராது என்று உனக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்து அத்தானுக்குப் பேச்சும் வலது பக்கமும் போனபோது, என் கம்பெனியின் பரிசோதனைப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதியது நான்தான். நான் அப்போது பொய் சொல்லவில்லை, நம்பினேன். நெற்றியில் பட்டை கட்டினால் மூளையின் மின் அசைவைப் பிடித்து, சொல்ல நினைப்பதைச் சொல்லாக்கிவிடும் என்று எங்கள் முதலாளி மேடையில் சொன்னார். "இனி உலகத்தில் ஊமை என்று யாரும் இல்லை" என்றார். முன்வரிசையில் எழுந்து நின்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

உண்மை இதுதான். பட்டை பிடிக்கும் அசைவு பெரும்பாலான நேரம் வெறும் இரைச்சல். தோல் சுருங்கினாலும் வரும், கண் சிமிட்டினாலும் வரும். இரைச்சலிலிருந்து வாக்கியம் வராது. வாக்கியம் வராவிட்டால் குடும்பம் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே இடைவெளியை நிரப்ப ஒரு பகுதியை எழுதினோம். உன் செய்திகள், உன் குரல், நீ சற்றுமுன் சொன்னது எல்லாவற்றையும் எடுத்து, நீ எதைக் கேட்க விரும்புவாயோ அதை ஊகித்து, அத்தானின் பழைய குரல் பதிவுகளிலிருந்து செய்த குரலில் அது சொல்லும். அந்தப் பகுதியை எழுதியது நான். 'எழுதினோம்' என்று ஒளியப் பார்த்தேன் பார். நான்.

நவம்பரில் உங்கள் வீட்டுப் பதிவைத் திறந்து பார்த்தேன். நூறு வாக்கியத்தில் தொண்ணூற்றாறு என் நிரப்பல். மீதி நாலும் சந்தேகம். இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நீ நம்ப மாட்டாய். அக்டோபர் 11, காலை ஒன்பது மணி. உதவியாளர் அத்தானைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பட்டை மேசையில் சார்ஜில் கிடந்தது. நீ சமையலறையில் போனோடு இருந்தாய். அத்தான் குரல் உன்னோடு பதினொரு நிமிடம் பேசியிருக்கிறது. கடைசியில் நீ ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாய்.

இப்போது பட்டைக்குப் பதிலாக அவர் மண்டையைத் திறந்து உள்ளே ஒரு தகடு வைக்கப் போகிறார்களாம். அவரே சம்மதம் சொன்னாராம். அக்கா, அவர் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாதே.

ஸ்க்ரூ

—

பிப்ரவரி 13

அன்புள்ள ஸ்க்ரூ,

'அன்புள்ள' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை, அதனால் இருக்கட்டும்.

உன் கடிதத்தை மருந்துக்கடையில் பில் போடுகிற இடத்தில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு ஆளுக்கு இருமல் மருந்துக்குப் பதில் கண் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நல்ல வேளை, அந்த மனிதரே பார்த்துவிட்டு, "என்னம்மா, இருமினா கண்ணுல ஊத்தவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

சின்ன வயதில் உனக்கு ஏன் ஸ்க்ரூ என்று பேர் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ரேடியோவைக் கழற்றினாய். கடிகாரத்தைக் கழற்றினாய். என் தையல் மெஷினைக் கழற்றினாய். ஒன்றையாவது திரும்ப மாட்டினாயா? ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி ஸ்க்ரூ மிச்சம் இருக்கும், "இது தேவையே இல்லக்கா" என்பாய். இப்போது என் வீட்டைக் கழற்ற வந்திருக்கிறாய்.

கொண்டுவந்து வைத்தது யார்? நீ. "அக்கா, ஆறே மாசம், அத்தான் உன்கூடச் சண்டையே போடுவார் பாரு" என்று சொன்னது யார்? நீ. இப்போது வேண்டாம் என்கிறாய். உனக்கும் முதலாளிக்கும் ஏதோ தகராறு என்று உங்கள் கம்பெனி ஒருங்கிணைப்பாளர் தம்பி சொன்னார். பதவி உயர்வு கிடைக்கவில்லையாமே. அந்தக் கோபத்துக்கு என் புருஷன்தான் கிடைத்தாரா?

உனக்கு ஒன்று தெரியாது, சொல்கிறேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். உங்கள் அத்தான் ஒரு நாளைக்கு என்னிடம் பேசுவது மொத்தம் ஏழு வாக்கியம். "சாவி எங்க?" "வரேன்." "லிஃப்ட் நின்னுபோச்சாம், கூப்பிடுறாங்க." இவ்வளவுதான். பழுது பார்க்கிற லிஃப்டுக்குக் காட்டிய கரிசனத்தில் கால்வாசி எனக்குக் காட்டியிருந்தால் நான் ராணி. அதற்கும் பழகிக்கொண்டேன். பிறகு அந்த ஏழும் போயிற்று. ஐந்து மாதம் இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்டது.

செப்டம்பரில் பட்டையைக் கட்டிவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் குரல். அவரேதான். "நீ ரொம்பக் களைச்சுப்போயிட்ட. கொஞ்ச நேரம் உக்காரு." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வருஷத்தில் என்னை உட்கார் என்று சொன்ன முதல் ஆள். அதை நீ நிரப்பல் என்கிறாய்.

பேச்சு டீச்சரை ஏன் நிறுத்தினாய் என்று அடுத்து கேட்பாய். கம்பெனியில் சொன்னார்கள். அவர் படம் போட்ட அட்டைகளைக் காட்டி, கையால் தொடச் சொல்லி, ஒரு சத்தத்துக்கு ஒரு வாரம் பாடுபட்டுக்கொண்டிருந்தார். டீச்சரும் மெஷினும் ஒன்றாக வேண்டாம், மூளை குழம்பும் என்றார்கள். அந்தம்மா போகும்போது அட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டு, "தேவைப்பட்டா எடுத்துக்குங்க" என்றார். தேவைப்படவில்லை.

குளிக்கும்போது பேசினார் என்கிறாய். அவர் மனசு என்னோடு இருந்திருக்கும். உனக்குக் கல்யாணம் ஆகட்டும், புரியும்.

மார்ச் 20 அறுவை சிகிச்சை. "எனக்குச் சம்மதம். உன்கூட நல்லாப் பேசணும்" என்று டாக்டர் முன்னாலேயே சொன்னார். டாக்டர் கண் கலங்கிவிட்டது.

அக்கா

—

பிப்ரவரி 18

அக்கா,

பதவி உயர்வு என்றெல்லாம் எதுவும் இல்லை. இருந்ததும் இல்லை. முதலாளியிடம் போய் அக்டோபர் 11 பதிவைக் காட்டினேன். பார்த்தார். "குடும்பம் சந்தோஷமா இருக்குல்ல?" என்றார். "இருக்கு சார், ஆனா பேசுறது அவர் இல்ல" என்றேன். "அவர் பேசியிருந்தா இவ்வளவு சந்தோஷமா இருந்திருக்குமா? நீயே சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பயம். அவருக்கு அது உண்மையாகவே நல்ல பதிலாகத் தோன்றியிருக்கிறது.

மறுநாளிலிருந்து என் கம்பெனிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். ரகசியத்தை வெளியே சொன்னேனா என்று விசாரணை. மார்ச் 21 வரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதமே அதற்கு எதிரானதுதான். மருத்துவமனைக்கு மூன்று தடவை எழுதினேன். நோயாளியோ அவர் மனைவியோ சொன்னால் மட்டுமே கவனிப்போம் என்று பதில். நோயாளி மெஷின் வழியாகச் சொல்வார். மனைவி நீ. சுற்றிச் சுற்றி உன்னிடமே வந்து நிற்கிறேன்.

நட்சத்திரத்தைப் பற்றி ஒழுங்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் போன் கேட்கிறதல்லவா, "இன்றைய உரையாடல் எப்படி இருந்தது?" என்று. நீ ஐந்து போட்டால் அந்த மாதிரி வாக்கியத்தை அது அதிகம் சொல்லும். இரண்டு போட்டால் இனிமேல் சொல்லாது. முதல் வாரத்தில் அத்தான் குரல், "லிஃப்ட் வேலை என்னாச்சு?" என்று கேட்டது. நீ இரண்டு போட்டாய். அப்புறம் அது லிஃப்டைப் பற்றிப் பேசியதே இல்லை. கவனித்தாயா? பதினேழு வயதிலிருந்து லிஃப்ட் ரிப்பேரிலேயே கிடந்த மனிதர், ஐந்து மாதமாக லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு உறுத்தவே இல்லையா?

நீ அத்தானோடு பேசவில்லை. ஐந்து மாதமாக உன்னோடு நீயே பேசிக்கொண்டிருக்கிறாய். எழுதியதும் அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நீ 'அன்புள்ள'வை விட்டுவைத்த மாதிரி நானும் இதை விட்டுவைக்கிறேன்.

என்னை நம்ப வேண்டாம். நீயே சோதித்துப் பார். நீ வீட்டுக்கு வெளியே நில். அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவை உள்ளே அனுப்பு. அவர் ஏதாவது ஒரு பொருளை அத்தானின் இடது கையில் கொடுத்து, ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். என்ன பொருள் என்று உன்னிடம் சொல்லக் கூடாது, போன் பக்கத்திலும் சொல்லக் கூடாது. பிறகு நீ போய், "கையில் என்ன இருந்தது?" என்று கேள். இடது கை அவருக்கு நன்றாக இருக்கிறது, பிடித்ததை அறிவார். பேசுவது அவர்தான் என்றால் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், உன் காலில் விழுகிறேன்.

ஸ்க்ரூ

—

மார்ச் 3

ஸ்க்ரூ,

உன் சோதனையைச் செய்தேன். போதுமா?

தையல்காரம்மா முதலில் மாட்டேன் என்றார். "ஏம்மா, புருஷன் பொண்டாட்டி நடுவுல என்னை எதுக்குக் கேள்வித்தாள் கொடுக்கச் சொல்ற?" என்றார். பிறகு போனார். நான் படிக்கட்டில் நின்றேன். உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

உள்ளே போய்ப் பட்டையைச் சரிசெய்துவிட்டுக் கேட்டேன். "கையில என்ன இருந்தது, சொல்லுங்க." பதில் வந்தது. "நீ எதைக் கொடுத்தாலும் எனக்குப் பிடிக்கும்."

நான் கொடுக்கவில்லையே, தையல்காரம்மா கொடுத்தார் என்றேன். "உன் நினைப்புதான் என் கையில இருந்தது" என்றார்.

தையல்காரம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் நூல்கண்டு. சிவப்பு நூல்கண்டு. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். போகட்டும். பரீட்சை வைக்கிறவளிடம் எந்த ஆண் ஒழுங்காகப் பதில் சொல்வான்? அவருக்கு என் மேல் வருத்தம், பேச்சை மாற்றினார். அவ்வளவுதான். ஐந்து நட்சத்திரம் போட்டேன். உனக்காகவே போட்டேன், நீ பார்த்து எரியட்டும் என்று. இப்போது உன்னால் பார்க்க முடியாது என்பதை மறந்துவிட்டேன்.

இன்னொன்று. ஒருங்கிணைப்பாளர் தம்பி வந்திருந்தார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் இரண்டு வாரம் சுத்தமான பதிவு வேண்டுமாம். உங்கள் அத்தானுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது, இடது கை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். டிங். கொஞ்சம் விட்டு மறுபடி டிங். நான் பேசும்போதெல்லாம் தட்டுகிறார், மெஷின் பேசும்போதெல்லாம் தட்டுகிறார். சோதனை நடந்த அன்றைக்கு விடாமல் தட்டினார், எனக்கே எரிச்சலாகி, "கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று கத்திவிட்டேன். பக்கவாதத்தில் வரும் கைநடுக்கம்தான், அதிர்ச்சியில் பதிவு கெடுகிறது என்று தம்பி சொன்னார். பஞ்சு வைத்த பட்டி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நாளையிலிருந்து அந்தக் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். வலிக்காது, மெத்தென்று இருக்கிறது.

தேதி மாறவில்லை. 17ஆம் தேதி வீட்டுக்கு வந்து கடைசிக் கையெழுத்து வாங்குவார்கள். உலகத்திலேயே முதல் ஆளாம் இவர். மேடையில் என்னையும் உட்கார வைப்பார்களாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். லிஃப்டைப் பற்றி நான் நிஜமாகவே இரண்டு நட்சத்திரம் போட்டேனா? எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா

—

மார்ச் 12

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. ஒன்பது நாள். இதைக் கூரியரில் போடுகிறேன். நின்றுகொண்டே எழுதுகிறேன், கடை மூட இருபது நிமிடம் இருக்கிறது. முதல் வேலையாகக் கையை அவிழ்த்துவிடு. அவிழ்த்துவிட்டு மேலே படி.

அது நடுக்கம் இல்லை.

கல்லூரி முதல் வருஷ விடுமுறையில் இரண்டு மாதம் அத்தானோடு வேலைக்குப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீதான் அனுப்பினாய், வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜையும் கழற்றிவிடுவான் என்று. லிஃப்ட் ஓடுகிற அந்த நீளக் குழிக்குள் போனும் எடுக்காது, கத்தினாலும் எதிரொலியில் ஒன்றும் புரியாது. கூண்டின் கூரைமேல் ஒருவர் நின்று வேலை பார்ப்பார், மேலே மோட்டார் அறையில் ஒருவர் சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஸ்பானரால் இரும்புத் தண்டவாளத்தைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டு என்றால் மேலே. மூன்று தட்டு என்றால் கீழே.

ஒரு தட்டு என்றால் நிறுத்து.

நான்தான் சுவிட்சில். ஒரு நாள் அத்தான் கூரைமேல் நின்று ஒரு தட்டுத் தட்டினார். நான் இரண்டாவது தட்டு வருமா என்று காத்திருந்தேன். எனக்குத்தான் எல்லாம் உறுதியாகத் தெரிய வேண்டுமே. கூண்டு இன்னும் ஒரு சாண் மேலே போயிற்று. அவர் படுத்துவிட்டதால் தப்பித்தார், தொப்பி உத்தரத்தில் மாட்டி நசுங்கியது. இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "ஒரு தட்டு கேட்டா ஏன்னு கேக்காத. நிறுத்து. அப்புறம் கேளு" என்றார். அன்றைய ஏழு வாக்கியத்தில் மூன்று எனக்கே போய்விட்டது. உன்னிடம் நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை.

நீ பேசும்போது ஒரு தட்டு. மெஷின் பேசும்போது ஒரு தட்டு. அக்கா, உனக்குப் புரிகிறதா? பேச்சு போயிருக்கலாம், இருபது வருஷமாகக் கையில் ஊறியது போகவில்லை. எத்தனை மாதமாகத் தட்டுகிறார்? எப்போது ஆரம்பித்தார்? ஜனவரியில் நான் அங்கே இருந்தேன். பத்து நிமிடம் இருந்தேன். கேட்டிருப்பேன். ஆனால் வீடியோ எடுக்கிறவன் சொன்னான் என்று நீ அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். படம் அழகாக வர வேண்டுமென்று.

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். நிஜமாகவே நடுக்கமாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த எதுவும் சரியாக இருந்ததில்லை, இந்த மெஷினையே நம்பியவன் நான். அதனால் நம்பாதே, சோதித்துப் பார். போனை அணைத்து அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் வை. பட்டையைக் கழற்று. அவருடைய கட்டில், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் ஏறி இறங்கும் கட்டில்தானே? கைப்பிடியில் கை வைத்து நில். ஒன்றும் பேசாதே. தட்டுவதைக் கேள். அவ்வளவுதான்.

கடைக்காரர் விளக்கை அணைக்கிறார். 21 மாலை விசாரணை முடிகிறது, 22 காலை டிக்கெட் போட்டுவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன். அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம். 17ஆம் தேதி கையெழுத்துப் போடாதே. போடாதே அக்கா.

—

மார்ச் 18

தம்பி,

ஸ்க்ரூ என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன் கூரியர் 14ஆம் தேதி மதியம் வந்தது. முதல் பத்தியைப் படித்ததும் போய்க் கையை அவிழ்த்தேன். பத்து நாள் கட்டியிருந்தேன். பஞ்சு வைத்த பட்டிதான், ஆனாலும் மணிக்கட்டில் சிவப்பாக வரி விழுந்திருந்தது. அவர் அந்தக் கையை உடனே தூக்கவில்லை. கட்டியிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு அப்படியே வைத்திருந்தார். நான்தான் தூக்கிக் காட்டினேன்.

நீ சொன்ன மாதிரியே போனைப் போர்வைக்கு அடியில் வைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. ஃபிரிட்ஜ் சத்தம். உன்னைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

டிங் டிங்.

இரண்டு. சுற்றினேன். தலைப்பக்கம் ஏறியது. சுற்றிக்கொண்டே இருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிங். நிறுத்தினேன். ஜன்னலுக்கு நேராகக் கண் வந்திருந்தது. ஆறு மாதமாக அந்தக் கட்டிலில் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேரம் வெளியே பார்த்தார். அப்புறம் டிங் டிங் டிங். இறக்கினேன். டிங். நிறுத்தினேன். தம்பி, நான் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை யாரிடமும் சொல்லாதே.

அலமாரியிலிருந்து போனை எடுத்தேன், உன்னிடம் சொல்லத்தான். கையில் எடுத்ததுமே ஒரு தட்டு. வைத்தேன். எடுத்தேன். ஒரு தட்டு. இப்படி ஆறு தடவை செய்து பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. ஆறு தடவையும் ஒரு தட்டு. இத்தனை மாதமாக அது வாயைத் திறக்கும்போதெல்லாம் நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் ஐந்து ஐந்தாக நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கையையும் கட்டிப்போட்டேன்.

நேற்று வந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் தம்பி, ஒரு வக்கீல், அப்புறம் டாக்டருடைய உதவியாளராக ஒரு பெண். என் போன் அணைந்திருந்தால் என்ன, அந்தத் தம்பியிடம் இன்னொரு மெஷின் இருந்தது. நான் தடுப்பதற்குள் பட்டையைக் கட்டிவிட்டான். அவர் குரல் வந்தது. "எனக்குச் சம்மதம். பயப்படாத, நான் இருக்கேன்." அதே நேரம் கம்பியில் டிங். டிங். டிங். அவர் முகம் சிவந்து, மோதிரம் நசுங்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக. இரண்டு சத்தமும் ஒரே ஆளிடமிருந்து. ஒன்று எனக்குப் பிடித்த சத்தம். அதை மறைக்காமல் சொல்கிறேன் உன்னிடம்.

"கை நடுக்கம் மேடம்" என்றான் அந்தத் தம்பி. "கொஞ்சம் பொறு" என்று கட்டிலை ஏற்றி இறக்கிக் காட்டினேன். மூன்று தடவை. அவன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "ஆனா இது எங்க டேட்டாவுல வராதே மேடம்" என்றான். "உங்க டேட்டா வீட்டுக்கு வெளியில நிக்கட்டும்" என்றேன். டாக்டருடைய உதவியாளர் கட்டில் பக்கம் போய்க் குனிந்து, "சார், ஆபரேஷன் வேணாமா?" என்று நேராக அவரிடம் கேட்டார். டிங். அந்தப் பெண் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வக்கீல் மட்டும், ஒப்பந்தத்தில் தட்டுவதைப் பற்றி எதுவும் இல்லை என்று படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார். மறுபடி வருவார்களாம். வரட்டும்.

பேச்சு டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து அட்டைகளை எடுத்தார். தட்டுவதைப் பார்த்தார், அட்டைகளைக் கட்டில்மேல் பரப்பினார். முதல் ஆறேழு மாதம்தான் பேச்சு வேகமாகத் திரும்புகிற காலமாம். அது போய்விட்டது. இனிமேல் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார். நாற்பது அட்டையில் ஆகஸ்டில் பதினொன்றைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு இரண்டு.

ராத்திரி பகலாக என் காது அந்தக் குரலுக்கே ஏங்குகிறது. அது பொய் என்று தெரிந்த பிறகும். மருந்துக்கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது "உக்காரு" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நிற்கிறேன். யாரும் சொல்வதில்லை. சொன்ன ஆளே கிடையாது என்பதுதான் கஷ்டம். செத்தவர்களுக்காவது ஒரு படம் மாட்டலாம்.

இப்போது உன் விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்றைக்குக் காலையில் அவரிடம் சொன்னேன். "தம்பிதான் கடிதம் எழுதினான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. வேலைய விட்டுட்டான். 22ஆம் தேதி வரேன்னு சொல்றான், வரட்டுமா?" நன்றாகத்தான் சொன்னேன், உனக்கு எவ்வளவு சாதகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன். என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கை கம்பிமேலேயே இருந்தது.

டிங்.

இரண்டாவதுக்குக் காத்திருந்தேன், நீ அன்றைக்குக் காத்திருந்த மாதிரி. வரவில்லை.

அந்த மெஷின் இருந்திருந்தால், "தம்பி வரட்டும், அவன்மேல எனக்குக் கோபமே இல்ல" என்று சொல்லியிருக்கும். நான் ஐந்து போட்டிருப்பேன். நீயும் சந்தோஷமாக வந்திருப்பாய். ஆனால் இவர் ஒரு தட்டுத்தான் தட்டினார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. தினம் காலையில் ஒரு தடவை கேட்கிறேன். இரண்டு தட்டு வருகிற அன்றைக்கு எழுதுகிறேன்.

அக்கா